பழைய நூல், புதிய அச்சு: அரசியல், மருத்துவம், கணித மறுபதிப்புகளைத் தேர்ந்து வாங்க, படிக்க, காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஒரே சித்த மருத்துவ நூலின் இரண்டு மறுபதிப்புகள் இருக்கின்றன. தலைப்பு, காப்புச் செய்யுள், பாடல்களின் வரிசை எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒன்று மற்றதைவிட 24 பக்கம் குறைவு. எந்தப் பக்கங்கள் போயின என்று உட்கார்ந்து ஒப்பிட்டபோது வயிறு கலங்கியது. பாஷாணம் என்னும் நச்சுச் சரக்குகளைக் கொண்டு செய்யும் மருந்துகளின் செய்முறை முழுசாக இருந்தது. அந்தப் பாஷாணங்களை நச்சு நீக்கிச் சுத்தி செய்யும் முறையும், மருந்து சாப்பிடும் நாட்களில் இருக்க வேண்டிய பத்தியமும் சொன்ன பக்கங்கள்தான் இல்லை. வெளியிட்ட பதிப்பகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை.

அன்றிலிருந்து மறுபதிப்பு எதை வாங்கினாலும் சில சோதனைகள் செய்துவிட்டுத்தான் படிக்கிறேன். ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள தேவிபட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு, பெரிய நூலகம் எதுவும் பக்கத்தில் இல்லாமல், இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இது. கணித நூலில் பிழை இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மருத்துவ நூலில் பிழை இருந்தால் இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அரசியல் நூலில் அச்சுப் பிழை பெரிய தொல்லை இல்லை. விட்டுவிட்ட பகுதிதான் தொல்லை, அது கண்ணுக்கே தெரியாது. மூன்றுக்கும் மூன்று விதமான கவனம் வேண்டும்.

இந்தக் கரைக்கும் பழைய நூல்களை அச்சேற்றியதற்கும் நெருங்கிய உறவு உண்டு. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பொன்னுசாமித் தேவர் ஆதரவில்தான் ஆறுமுக நாவலர் 1861-இல் திருக்குறள் பரிமேலழகர் உரையைப் பதிப்பித்தார். பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சிங்காரவேலு முதலியாரின் கலைக்களஞ்சியமான அபிதான சிந்தாமணி 1910-இல் அச்சங்கத்தின் வழியாகவே வெளிவந்தது. அதன் மறுபதிப்புகள் இன்றும் விற்கின்றன.

படி 1: கையில் இருப்பது எந்த வகை மறுபதிப்பு?

விலையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மறுபதிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் நாலு விதமான பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

பழைய பிரதியைப் படமெடுத்து அப்படியே அச்சிடுவது ஒரு வகை. இதில் புதுப் பிழை நுழையாது. பழைய பிழை போகவும் போகாது. மங்கிய பக்கம் மங்கலாகவே வரும். இரண்டாவது, முழுதையும் புதிதாக எழுத்துக் கோத்து அச்சிடுவது. படிக்கச் சுகம், ஆனால் கோத்தவரின் தவறுகள் சேர்ந்திருக்கும். மூன்றாவது, பல சுவடிகளையும் அச்சுப் பிரதிகளையும் ஒப்பிட்டு, வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டும் ஆய்வுப் பதிப்பு. பாடபேதம் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் பட்டால் அது இந்த வகை. காசு சேர்த்தாவது இதை வாங்குங்கள். கடைசி வகை, இணையத்தில் கிடைக்கும் படக்கோப்பை எடுத்து, கேட்கும்போது ஒரு பிரதி அச்சடித்துத் தருவது. யாரும் பக்கங்களைச் சரிபார்த்திருக்க மாட்டார்கள். மடங்கிய பக்கம், பாதி வெட்டுப்பட்ட அட்டவணை, ஸ்கேன் செய்தவரின் விரல்கூட அதில் இருக்கும்.

எழுத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற வளைவோடு இருந்தன. ணா, றா, னா ஆகியவையும் வேறு வடிவில் இருந்தன. அந்தப் பழைய வடிவங்கள் உள்ளே இருந்தால் அது பெரும்பாலும் படமெடுத்த பதிப்பு. 1930 பதிப்பு என்று அட்டையில் போட்டிருந்து, உள்ளே எல்லாம் இன்றைய எழுத்தாக இருந்தால் புதிதாகக் கோத்தது.

அப்புறம் ஆண்டு. பழைய தலைப்புப் பக்கங்களில் தமிழ் வருடத்தின் பெயர் மட்டும் இருக்கும். சாதாரண வருடம் என்றிருந்தால் அது 1850-51 ஆகலாம், 1910-11 ஆகலாம், 1970-71-உம் ஆகலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பக்கத்தில் சாலிவாகன சகாப்தம் கொடுத்திருந்தால் அதோடு 78 கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு கிடைக்கும். தையும் மாசியும் பங்குனியும் என்றால் 79.

பதிப்புரையில் எந்தப் பிரதியைப் பார்த்து அச்சிட்டார்கள் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரி இல்லாத மறுபதிப்பை நான் ஆதாரமாக எடுப்பதில்லை, வாசிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

படி 2: வாங்கும் முன் இலவசமாகப் பாருங்கள்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்கள் ஏராளமாக ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த இலக்கியப் பிரதிகள் கிடைக்கும். சொல் தேட அது வசதி. யாழ்ப்பாணத்து அச்சு நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையதளம். நம் கரைக்கு எதிர்க்கரையில் அச்சான மருத்துவ நூல்களை அங்கே பார்க்கலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஒரு நூலின் மூன்று பிரதியாவது இணையத்தில் கிடைக்கிறதா என்று பார்த்து, பொருளடக்கத்தை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது அதைக் கைபேசியில் எடுத்துப் போங்கள். கடையில் நின்றபடியே அதிகாரங்களை எண்ணிவிடலாம். ஐந்து நிமிஷ வேலை, ஐந்நூறு ரூபாய் மிச்சம்.

அச்சில் இல்லாத அரிய நூலென்றால் தஞ்சை சரசுவதி மகால் நூலகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ.வே.சா. நூலகம். சரசுவதி மகால் தன் சுவடிகளைத் தானே பதிப்பித்து விற்கிறது. விலையும் குறைவு. போவதற்கு முன் எந்த நூல், எந்தப் பதிப்பு என்று குறித்துக்கொண்டு போங்கள்.

படி 3: கணிதத்தில் தொடங்குங்கள்

மருத்துவம், அரசியல் நூல்களில் ஆர்வம் உள்ளவரானாலும் முதலில் ஒரு கணித நூலை எடுங்கள் என்றுதான் சொல்வேன். சரிபார்க்கும் பழக்கம் கையில் வந்துவிடும்.

காரி நாயனார் எழுதிய பழைய தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரம் நல்ல தொடக்கம். அதை எடுப்பதற்கு முன் கீழ்வாய் இலக்கத்தை, அதாவது ஒன்றுக்குக் குறைந்த பின்னங்களின் பெயர்களை, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முந்திரி என்பது 1/320. நாலு முந்திரி ஒரு காணி, அதாவது 1/80. நாலு காணி ஒரு மா, அதாவது 1/20. இருபது மா ஒன்று. இன்னொரு பக்கம் அரைக்கால் 1/8, கால் 1/4.

ஒரு மறுபதிப்பில் மாகாணி என்ற சொல்லை இடம் விட்டு ‘மா காணி’ என்று அச்சிட்டிருந்தார்கள். மாகாணி என்றால் 1/16, வீசம் என்றும் சொல்வோம். மா வேறு, காணி வேறு ஆயிற்றே, அச்சுப் பிழை என்று ஓரத்தில் குறித்துவிட்டேன். ராத்திரி சும்மா கூட்டிப் பார்த்தேன். 1/20-உம் 1/80-உம் சேர்ந்தால் 5/80. அது 1/16! மாவும் காணியும் சேர்ந்ததுதான் மாகாணி. பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. நான் எழுதிய குறிப்பை அழித்தேன். பென்சிலால் மட்டுமே குறிப்பு எழுத வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

முகத்தலளவையையும் இப்படியே சோதியுங்கள். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். குறுணியைத்தான் மரக்கால் என்றும் சொன்னார்கள். என் அப்பத்தா வாலிநோக்கத்தில் உப்பு அளந்த மரக்காலை இன்னும் வைத்திருக்கிறோம். நூலில் ஒரு கணக்கு வந்தால் அதில் அரிசியைக் கொட்டி அளந்து பார்ப்பேன். ஆனால் ஊருக்கு ஊர் மரக்காலின் கொள்ளளவு மாறும். நூலுக்குள் இருக்கும் விகிதத்தை மட்டும் சோதியுங்கள், லிட்டருக்கு மாற்றப் போகாதீர்கள்.

பலாச்சுளைக் கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எண்ணிக்கை வரும் என்பது விதி. நூறு முள் என்றால் நூற்றிருபது சுளை. இதைச் சோதிக்கப் பழம் வாங்கித்தான் ஆக வேண்டும். வீட்டுப் பிள்ளைகளோடு செய்யுங்கள். விதி சரியாக வருகிறதா, எவ்வளவு தள்ளிப் போகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். பழைய நூலை மதிப்பது என்றால் அதைச் சோதித்துப் பார்ப்பதும்தான்.

இதற்கு அடுத்த படியாக ராமானுஜனின் குறிப்பேடுகள். 1957-இல் மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைப் படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அவர் கையெழுத்தே இருக்கும், நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. அதை மட்டும் வாங்கினால் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் விளக்கம் எழுதியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். கல்லூரிக் கணிதம் படித்தவர்களுக்குச் சொல்கிறேன். மற்றவர்கள் கணக்கதிகாரத்திலேயே ஒரு வருடம் இருக்கலாம், இழப்பு ஒன்றுமில்லை.

படி 4: மருத்துவம், மிகுந்த நிதானத்தோடு

ஒரு விதியை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பைப் பார்த்து மருந்து செய்து சாப்பிடக் கூடாது. படிப்பது வரலாற்றுக்காக, தாவர அறிவுக்காக, தமிழுக்காக. உடம்புக்கு ஏதாவது என்றால் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.

இவ்வளவு பயம் ஏன் என்று கேட்பீர்கள். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், குறில் நெடிலையும் பிரித்துக் காட்ட மாட்டார்கள். நெடிலுக்குப் போடும் காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வடிவம் ஒன்றாகவே இருக்கும். படி எடுத்தவர் ஊகித்து எழுதுவார், அச்சிட்டவர் இன்னொரு முறை ஊகிப்பார். எண்கள் இன்னும் மோசம். தமிழ் இலக்கத்தில் ௧ என்பது ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் இருக்கும். பத்தைக் குறிக்கும் ௰ யகரம் போல இருக்கும். ஒரு செய்யுளில் நிறை சொல்லும் இடத்தில் இது மாறினால் என்ன ஆகும்? கணக்கைப் போல இதைக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

அதனால் ஒவ்வொரு பாடலையும் குறைந்தது இரண்டு பதிப்பில் ஒப்பிடுங்கள். அளவு வேறுபட்டால் இரண்டையும் குறியுங்கள், எது சரி என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். இன்றைய சித்த மருத்துவ வழக்கில் ஒரு பலம் 35 கிராம், ஒரு குன்றி 130 மில்லிகிராம் என்று எடுக்கிறார்கள். பாட்டு எழுதியவர் காலத்திலும் அதுவேதான் என்று வைத்துக்கொள்ள முடியாது.

பெயர்க் குழப்பம் அடுத்தது. சங்கபுஷ்பி என்று ஒரு வடமொழி நூலில் படித்துவிட்டு நம் வேலியில் படரும் சங்குப்பூவைப் பறிக்கக் கூடாது. வடக்கே அந்தப் பெயரில் வேறொரு செடியைப் பயன்படுத்துகிறார்கள். பிராமி என்றால் நீர்ப்பிரமியா வல்லாரையா என்பதும் பழைய வழக்குதான். இதற்குத்தான் துணை நூல்கள் வேண்டும். க.ச. முருகேச முதலியாரின் குணபாடம் மூலிகை வகுப்பில் ஒவ்வொரு மூலிகைக்கும் தாவரவியல் பெயர் இருக்கிறது. 1930-களில் வெளிவரத் தொடங்கிய சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி, சித்தர்கள் மறைபொருளாகச் சொன்ன பரிபாஷைச் சொல் புரியாதபோது கைகொடுக்கும். ஒயிட்லா எயின்ஸ்லி 1826-இல் வெளியிட்ட மெட்டீரியா இண்டிகாவில் தமிழ்ப் பெயர்களையும் கொடுத்திருக்கிறார். இருநூறு ஆண்டுக்கு முன் சென்னை மாகாணச் சந்தையில் எந்தச் சரக்கு எந்தப் பெயரில் விற்றது என்று அதில் பார்க்கலாம். படம் வேண்டுமென்றால் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்த, மலபார்த் தாவரங்களைப் பற்றிய லத்தீன் நூலான ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ். மணிலால் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது.

எதிர்க்கரை என்று மேலே சொன்னேன் அல்லவா? யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு மனுஷ அங்காதிபாதம் என்று 1872-இல் ஒரு பெரிய நூலே வந்தது. தொண்டியிலோ மண்டபத்திலோ நின்று பார்த்தால் தெரியாத தூரம்தான், ஆனால் நம் ஊர் மாணவர்களுக்கு இந்த நூலின் பெயரே தெரியாமல் இருக்கிறது. செவிலியர் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு அதன் படக்கோப்பை அனுப்புவேன். எலும்புக்கும் நரம்புக்கும் அதில் உள்ள தமிழ்ச் சொற்களைப் பார்த்து அசந்துபோகிறார்கள்.

படி 5: அரசியல், விடுபட்டதைத் தேடி

அரசியல் நூலில் செய்ய வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். சுருக்கத்தை நம்பாமல் முழு நூலைப் பிடியுங்கள்.

அர்த்தசாஸ்திரத்தை எடுங்கள். மைசூரில் ஷாமசாஸ்திரி அதன் சுவடியை 1905-இல் கண்டெடுத்து, 1909-இல் மூலத்தையும் 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த 1915 மொழிபெயர்ப்பின் மறு அச்சு. பிறகு கிடைத்த சுவடிகளையும் ஒப்பிட்டு காங்ளே 1960-களில் மூன்று பகுதிகளாக ஓர் ஆய்வுப் பதிப்பைக் கொண்டுவந்தார். மேற்கோள் காட்ட அதுதான் ஏற்றது. ‘சாணக்கியர் சொன்ன நூறு வழிகள்’ மாதிரியான சுருக்கங்களில் ஒற்றரும் தண்டனையும் மட்டுமே இருக்கும். முழு நூலில் பதினைந்து அதிகரணங்கள், அதாவது பெரும் பகுதிகள். விவசாயம், சுங்கம், நிறுத்தலளவை, கருவூலத்துக்கு வரும் ரத்தினங்கள் எல்லாம் வரும். முத்து எங்கெங்கே கிடைக்கும் என்ற பட்டியலில் தாம்பிரபரணியும் பாண்டிய கவாடமும் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த வரியைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். சுருக்கத்தில் அந்த வரி இருக்காது.

திருக்குறள் பொருட்பாலையும் அரசியல் நூலாக ஒருமுறை படியுங்கள். பரிமேலழகர் வகுப்பில் எழுபது அதிகாரம், அரசியல் என்ற இயலுக்கு மட்டும் இருபத்தைந்து. பழைய உரைகாரர்களிடையே குறள்களின் வரிசை மாறும். எனவே எண்ணை மட்டும் சொல்லாமல் குறளின் முதல் சீரையும் எழுதிக் குறியுங்கள்.

மேலை அரசியல் தமிழில் வேண்டும் என்றால் வெ. சாமிநாத சர்மாவின் மொழிபெயர்ப்புகளைத் தேடுங்கள். பிளேட்டோவையும் ரூசோவையும் அவர் தமிழில் கொண்டுவந்த விதம் இன்றும் படிக்கச் சரளம். ரங்கூனில் பத்திரிகை நடத்தி, 1942-இல் போருக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் அவர்.

மூலத்தைப் படிக்கும் பழக்கம் நம் கரைக்கு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். கச்சத்தீவைப் பற்றிப் பேசாத டீக்கடை இங்கே இல்லை. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது, ஆறாவது பிரிவுகளையும், 1976-இல் இரு நாடுகளும் பரிமாறிய கடிதங்களையும் வரிசையாகப் படித்தவர்கள் குறைவு. 1974 ஒப்பந்தத்தில் மீனவரும் யாத்திரிகரும் தீவுக்குப் போய்வருவது பற்றிச் சொல்லியிருக்கிறது. 1976 கடிதங்களில் ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சில பக்கங்கள்தான். என்னோடு படித்த மீனவ நண்பர் ஒருவர், ‘அண்ணே, இத்தனை வருஷமா பாதியைத்தான் கேட்டிருக்கேன்’ என்றார்.

படி 6: நீங்களே நகல் எடுக்க நினைத்தால்

நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. 1960-இல் மறைந்தவரின் நூல் 2021 சனவரி 1 முதல் எல்லாருக்கும் பொது. ஆனால் அந்நூலுக்கு இன்று ஒருவர் எழுதிய முன்னுரையும் உரையும் அடிக்குறிப்பும் அவருக்கே சொந்தம். அவற்றை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் எடுக்கலாம்.

படி 7: உப்புக் காற்றில் காப்பாற்றுவது

ஒரு ஐப்பசி மழையில் சுவரோடு ஒட்டி வைத்திருந்த பெட்டி நனைந்து பதினொரு நூல்களை இழந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

கடல் பார்த்த சுவரில் அலமாரி வேண்டாம். உள்சுவரிலும் நாலு விரலாவது தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். இரும்பு பீரோ இங்கே துருப்பிடிக்கும், துருக்கறை தாளில் ஏறினால் போகாது. உள்ளே வெள்ளைத் தாள் விரித்துக்கொள்ளுங்கள். மர அலமாரி என்றால் கரையானைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள், பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறை படியும். காய்ந்த வேப்பிலையும் அப்படித்தான். மாதம் ஒரு நாள், வெயில் ஏறிய காய்ந்த பகலில், எல்லாவற்றையும் எடுத்து விசிறிக் காற்றில் புரட்டுங்கள். நேர் வெயிலில் காயப்போட்டால் தாள் பழுத்து நொறுங்கும்.

நனைந்துவிட்டால் நூலை நிமிர்த்தி நிறுத்தி, சில பக்கங்களுக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறியின் கீழ் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். கிழிசலுக்கு ஒட்டுநாடா எந்தக் காலத்திலும் வேண்டாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சை.

வீட்டில் ஓலைச்சுவடியோ, கீழக்கரைப் பக்கம் அரபுத் தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) எழுதிய பழைய ஏடோ இருந்தால் படிக்கத் தெரியவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவவும் வேண்டாம், கயிற்றை அவிழ்த்து வரிசையைக் கலைக்கவும் வேண்டாம். இருக்கிற வரிசையிலேயே ஒவ்வோர் ஏட்டையும் இரண்டு பக்கமும், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். முதல் படத்தில் ஊர் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கட்டும். அந்தப் படங்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ அனுப்பிக் கேளுங்கள். சுவடி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.